விருந்தாளிக் கணக்கு

"திரையில என்ன போட்டிருக்கோ அதை அப்படியே படி. நீயா ஒண்ணும் சேர்க்காத."

"புதுப்பிப்பு தயாராக உள்ளது. தொடர, உங்கள் நிர்வாகியின் கடவுச்சொல்லை இடவும்."

"அவ்வளவுதானே. கீழ 'பிறகு'ன்னு ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்குக்கா."

"பிறகு பிறகுன்னு அமுக்கி என் விரல் தேஞ்சு போச்சு. இந்தத் தடவ அமுக்க மாட்டேன். கடவுச்சொல்லைச் சொல்லு."

"அதெல்லாம் போன்ல சொல்ற விஷயமா?"

அந்தப் பக்கம் பேசியது தம்பி. குடும்பத்தில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். லிஃப்ட் விற்கிற கம்பெனியில் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறான். கணினி படித்தவன் இல்லை. ஆனால் சொந்தபந்தம் யார் வீட்டில் கணினி முனகினாலும் முதலில் இவனுக்குத்தான் போன் போகும்.

இந்தப் பக்கம் நின்ற அக்காவைத் தெருவே டாக்டரம்மா என்று கூப்பிடும். அவளுக்கும் டாக்டர் படிப்புக்கும் வெகுதூரம். ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிந்துவைப்பதைக் காதில் மாட்டிக் கேட்டு, வரி பிசகாமல் அடித்து அனுப்புவது அவள் வேலை. மேசைக்கு அடியில் காலால் அமுக்குகிற ஒரு மிதி கிடக்கும். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். "பெரிய பெரிய டாக்டரையெல்லாம் காலாலயே அடக்கி வச்சிருக்கா" என்று அவள் புருஷன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை என்று கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி வந்தால், "எனக்கு எழுதத்தான் தெரியும், குடுக்கத் தெரியாது" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். இருந்தாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

"ஆஸ்பத்திரியிலேருந்து இப்பதான் பேசினாங்க" என்றாள் டாக்டரம்மா. "என் மெஷின் பழசாவே கிடக்காம். நோயாளிங்க விவரம் உள்ள இருக்கிறதால பழசு எதையும் விட்டு வைக்க மாட்டாங்களாம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள புதுப்பிக்கலேன்னா என்னை வெட்டி விட்டுடுவாங்க. அதுக்கப்புறம் எனக்கு வேலை கிடையாது. புரியுதா?"

"அவங்க அப்படித்தான் மிரட்டுவாங்க."

"கடிதம் மேல கடிதம் போட்டாங்களாம். எனக்கு ஒண்ணுகூட வரல."

சின்னவன் தொண்டையைச் செருமினான்.

"அது என் மெயிலுக்கு வந்திருக்கும்க்கா. நிர்வாகி முகவரின்னு கேட்ட இடத்துல அப்ப என்னோடதைத்தான் குடுத்தேன்."

"வந்திருக்குமா, வந்துச்சா?"

"வந்துச்சு."

"வந்ததை ஏன்டா சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னுதான்."

டாக்டரம்மா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தாள், அதற்குள் அவன் முகம் தெரியும் என்பது போல. பிறகு மறுபடி காதில் வைத்தாள்.

"எனக்கு இப்ப பயமா இல்லடா. வயிறு எரியுது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுமில்ல?"

"சரி சரி. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல உள்ள வந்து பார்க்கறேன். நீ எதையும் தொடாத."

எதையும் தொடாதே. இந்தச் சொல்லுக்கு ஒரு பிறந்த கதை உண்டு.

கணினி புதிதாக வந்த காலத்தில் ஒரு நாள் இதே மாதிரி ஒரு பெட்டி திரையில் எழும்பி, புதுப்பிக்கவா என்று கேட்டது. கேட்கிறதே பாவம் என்று டாக்டரம்மா 'சரி' அமுக்கினாள். மறுநாள் காலையில் பிரிண்டர் செத்துக் கிடந்தது. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சின்னவன் வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். போட்டதை எடுத்தான், எடுத்ததைப் போட்டான், சாப்பிடக் கூப்பிட்டதற்கு எழுந்திருக்கவில்லை. பொழுது சாயும்போது பிரிண்டர் உறுமிக்கொண்டு ஒரு தாளைத் துப்பியது. சின்னவன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "பாத்தியா, அந்த அப்டேட் பண்ணின வேலை. இனிமே நீ எதுக்கும் 'சரி' அமுக்கக் கூடாது" என்றான். நிர்வாகி என்று தனக்கு ஒரு கணக்கும் அதற்கொரு கடவுச்சொல்லும் வைத்துக்கொண்டான். அக்காவுக்குப் புழங்குவதற்கு மட்டும் ஒரு கணக்கைத் திறந்துவிட்டான். அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமே. அவசரத்தில் 'விருந்தாளி' என்று அடித்தான். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னான். மாற்ற நிர்வாகியால்தான் முடியும்.

ஆக, தன் சம்பாத்தியத்தில் வாங்கிய கணினியைத் தன் வீட்டில் தினமும் காலையில் திறக்கும்போது, "நல்வரவு, விருந்தாளி" என்று அது அவளை வரவேற்கும். இத்தனை வருஷமாக அதை அவள் படித்ததே இல்லை. சொந்த வீட்டு வாசல் பலகையை யார் படிக்கிறார்கள்? இன்றைக்குப் படித்தாள்.

"இங்க வாங்களேன்" என்று புருஷனைக் கூப்பிட்டாள். "இதுல என்ன எழுதியிருக்கு?"

அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வாத்தியார் என்றால்தான் தெரியும். அவருடைய காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. படிக்கிறவன் கோட்டை விட்டால் இவர் அமுக்குவார். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. பார்க்கும்போதுகூட யாராவது வேகமாக வந்தால் அவர் வலது கால் தரையை அமுக்கும்.

"விருந்தாளின்னு போட்டிருக்கு" என்றார் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு.

"யாரு விருந்தாளி?"

"நீதான்போல."

"உங்களுக்கு இது சிரிப்பா இருக்கா?"

"நான் எங்க சிரிச்சேன். லைசென்ஸ் வாங்கினவன் பக்கத்துலயே உட்கார்ந்து பிரேக் அமுக்கிட்டிருந்தா அவன் எப்ப ஓட்டறது? நானே நிறுத்திக்குவேன். மாப்ளைக்குக் காலை எடுக்க மனசு வரல, அவ்வளவுதான்."

"இதை அவன்கிட்ட சொல்லுங்களேன்."

வாத்தியார் கார் சாவியைத் தேடிக்கொண்டு போனார்.

மத்தியானம் சின்னவன் வந்தான். வந்தான் என்றால் ஆளாக இல்லை. அவன் அலுவலகத்தில் இருந்தபடியே அவள் கணினிக்குள் நுழைகிற ஒரு வழியை அந்தக் காலத்திலேயே போட்டுவைத்திருந்தான். போன் மேசைமேல் ஒலிபெருக்கியில் கிடந்தது.

"கையை எடுக்கா. உள்ள வந்துட்டேன்."

அவள் கையை எடுத்தாள். திரையில் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது, சர்க்கரை டப்பாவை மோப்பம் பிடித்த எறும்பு மாதிரி. பித்தப்பை ஆபரேஷன் ஒன்றைப் பாதி அடித்துத் திறந்து வைத்திருந்தாள். அம்புக்குறி நேராக அங்கே போனது. சேமிக்கவா என்று பெட்டி கேட்டது. அம்புக்குறி 'வேண்டாம்' என்றது.

"டேய், டேய், அது என் வேலைடா."

"எல்லாத்தையும் திறந்து போட்டு வச்சா மெஷின் எப்படிக்கா மூச்சு விடும்?"

"பித்தப்பையை இப்பதான் வெளியில எடுத்தாங்க. தையல் போடறதுக்குள்ள மூடிட்டியே, பாவி. முதல்லேருந்து அடிக்கணும்."

"அடிச்சுக்கலாம். என்ன இது, முகப்புல இவ்வளவு குப்பை?"

"குப்பை இல்லடா. அது நான் வச்ச இடம். கண்ணை மூடிட்டு எடுப்பேன்."

அம்புக்குறி எல்லாவற்றையும் வாரிக்கொண்டுபோய் ஒரு மூலையில் ஒரே உறைக்குள் போட்டது. சுவரில் யாரோ வேற்றாள் வந்து படங்களைக் கழற்றி மாட்டுவதைக் கை கட்டிப் பார்ப்பது போல டாக்டரம்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசைக்கு அடியில் அவள் கால் மட்டும் மிதியை வெறுமனே மிதித்தது. எந்த டாக்டரும் பேசவில்லை.

"புதுப்பிப்பு எங்கடா?"

"இந்தப் பதிப்பைப் பத்தி எல்லாரும் திட்டி எழுதியிருக்காங்கக்கா. ஒரு மாசம் போகட்டும். மத்தவன் போட்டு அடி வாங்கட்டும், அப்புறம் நாம போடலாம்."

"வெள்ளிக்கிழமைடா."

"உனக்கு பிரிண்டர் ஞாபகம் இருக்கா இல்லையா?"

"எனக்கு நீ சொல்லிச் சொல்லியே மறக்கல."

"அதான். ஆஸ்பத்திரி நம்பரை அனுப்பு. நான் பேசிக்கிறேன். இதெல்லாம் ஆம்பளைங்க பேசினா அவங்க கேட்பாங்க. எனக்கு மீட்டிங் இருக்கு."

அம்புக்குறி நடுத்திரையில் செத்துப்போய் நின்றது. நம்பரை அவள் அனுப்பவில்லை. ஆனால் கடிதம் வந்தது அவன் மெயிலுக்குத்தானே, அதன் அடியிலேயே நம்பர் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து மேற்பார்வை பார்க்கிற அம்மாள் கூப்பிட்டாள். வயதில் சின்னவள், எப்போதும் சிரித்துப் பேசுகிறவள். இன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"மேடம், உங்க நிர்வாகின்னு ஒருத்தர் பேசினார்."

"என் தம்பி."

"ஒரு மாசம் தவணை கேட்டார். உங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது, எல்லாம் நான்தான் பார்த்துக்கறேன், என் ஆபீஸ்லேருந்தே உள்ள போய்ச் சரி பண்ணுவேன்னு சொன்னார்."

"சொன்னானா?"

"சொன்னார். அதைத்தான் கேட்கறேன். அவர் உங்க மெஷினுக்குள்ள வர முடியுமா?"

டாக்டரம்மாவுக்குக் கேள்வி எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"முடியும்."

"நீங்க வேலை பண்ணிட்டிருக்கும்போது?"

"நேத்துகூட."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "மேடம், உள்ள இருக்கறது ஊரான் உடம்பு. யாருக்கு என்ன நோய்னு அவங்க பெண்டாட்டிக்குக்கூட நாம சொல்றதில்ல. ஒரு வெளியாள் நினைச்சப்ப வந்து போறாருன்னா பழசு புதுசுங்கறதை விடுங்க, இதுவே பெரிய தப்பு. எங்க பெரியவர்கிட்ட நான் இன்னும் போகல. உங்க வேலை சுத்தம்னு எனக்குத் தெரியும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மெஷின் புதுசா இருக்கணும், அதுக்கு நிர்வாகி நீங்களா இருக்கணும், வேற யாரும் உள்ள வர வழி இருக்கக் கூடாது. முழுசா அழிச்சுட்டுப் புதுசா ஏத்தறதுதான் நல்லது. எங்க கணினிப் பிரிவுல படிப்படியா எழுதி வச்சிருக்காங்க, அனுப்பறேன். முடியலேன்னா இப்பவே சொல்லிடுங்க. உங்க டாக்டர்களை வேற ஆளுக்குப் பிரிச்சுக் குடுத்துடுவேன்."

"பிரிக்க வேண்டாம்" என்றாள் டாக்டரம்மா.

போனை வைத்த கையோடு தம்பியைக் கூப்பிட்டாள்.

"கடவுச்சொல்லைச் சொல்லு. இந்த நிமிஷம்."

"என்னக்கா ஆச்சு? நான் பேசினேனே, தவணை குடுப்பாங்க."

"குடுத்தாங்க. வேலையையே பிடுங்கிக் குடுக்கப் பார்த்தாங்க. வெளியாள் யாரு உள்ள வர்றதுன்னு கேட்கறாங்க."

"வெளியாளா? நானா?"

"ஆமா. நீதான்."

"அக்கா, யோசிச்சுப் பேசு. எத்தனை ஞாயித்துக்கிழமை உன் மெஷினுக்காக ஓடி வந்திருக்கேன். நான் வெளியாளா?"

"என்னை விருந்தாளின்னு எழுதி வச்சவன் நீ. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? கடவுச்சொல்."

"குடுத்தா நீ என்ன பண்ணுவே? கண்டதையும் அமுக்கி உடைப்பே. அப்புறம் நான்தான் வரணும். குடுக்க முடியாது. உன் நல்லதுக்குத்தான்."

அவன் வைத்துவிட்டான். வைத்தவன் சும்மா இருக்கவில்லை. அம்மா அவனோடுதான் இருக்கிறாள். அடுத்த போன் அம்மாவிடமிருந்து வந்தது.

"ஏன்டி, தம்பியைப் பார்த்து வெளியாள்னுட்டியாமே."

"ஆமாம்மா."

"அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிட்டுப் போயிட்டான். உன் மெஷினைப் பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டான். அதுக்கா இந்தப் பேச்சு?"

"அம்மா, உன் அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என் இடுப்புல."

"அதை எதிர்வீட்டுக்காரன் எடுத்து வச்சுக்கிட்டு, உனக்குத் துணி வேணும்கறப்ப என்னைக் கேளுன்னா?"

"அவன் எதிர்வீட்டுக்காரனா? உன் கூடப் பிறந்தவன்டி."

"கூடப் பிறந்தவன்னா இடுப்புச் சாவியை எடுத்துக் குடுத்துடுவியா?"

"அதெப்படிக் குடுக்கறது. நூறு இருக்கும் உள்ள" என்றாள் அம்மா. பிறகு, பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்பதுபோல, "இருந்தாலும் நீ அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று உரக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வழிமுறை வந்தது. டாக்டரம்மா அதை நின்றுகொண்டே படித்தாள். படிக்கப் படிக்கக் கோபத்துக்கு நடுவில் ஒரு தெளிவு வந்தது. முழுசாக அழித்துவிட்டு ஏற்றுவதற்குத் தம்பியின் கடவுச்சொல் வேண்டியதே இல்லை. என்ன பெரிய வித்தை இது? முதலில் எதைக் காப்பாற்ற வேண்டும், எங்கே திறக்க வேண்டும், எதை எடுக்க வேண்டும், எப்போது மூட வேண்டும். ஆபரேஷன் குறிப்பு எழுதுகிறவளுக்கு இது தினமும் கேட்கிற பாஷை. சளி பிடித்த குரலில் அவசர அவசரமாக முழுங்கி முழுங்கிப் பேசுகிற டாக்டர்களையே புரிந்துகொண்டவள், அச்சில் தெளிவாக எழுதியதையா புரிந்துகொள்ள மாட்டாள்?

"எங்கே கிளம்பறீங்க?" என்றாள் புருஷனிடம்.

"பள்ளிக்கு. ஒரு அம்மா ரிவர்ஸ் எடுக்கப் பழகணும்."

"நானும் வர்றேன். உங்க ஆபீஸ் கணினி எனக்கு வேணும். ஒரு பென் டிரைவும் வேணும்."

"மாப்ளைகிட்ட ஒரு வார்த்தை..."

"அவன் பேரை இப்ப எடுத்தீங்கன்னா நான் பின்னாடி சீட்டுல உட்கார்ந்து வழி நெடுகத் திட்டிட்டு வருவேன். உங்க ரெண்டு பிரேக்கும் என்னை நிறுத்தாது."

பயிற்சிப் பள்ளி அலுவலகத்தில், சாலைக் குறிகள் எழுதிய பலகைக்குக் கீழே உட்கார்ந்து, புது இயங்குதளத்தை அதைத் தயாரிக்கிறவர்களிடமிருந்தே பென் டிரைவில் இறக்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கணினிப் பெட்டியை மேசைக்கு அடியிலிருந்து வெளியே இழுத்தாள். தூசி மூக்கில் ஏறியது. தும்மிக்கொண்டே, காப்பாற்ற வேண்டியதை எல்லாம் இன்னொரு பென் டிரைவில் எடுத்துவைத்தாள். முக்கியமானது அவள் சுருக்கங்கள். இரண்டு எழுத்தை அடித்தால் முழு வாக்கியம் வந்து விழும்படி, வருஷக்கணக்காக ஒவ்வொரு டாக்டரின் வாய்ப்பழக்கத்துக்கும் ஏற்றபடி சேர்த்தது. அதைத் தம்பி வாரிப் போட்ட உறைக்குள் துழாவித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக எடுக்கும்போதும் அவனுக்கு ஒரு வசவு விழுந்தது.

வாத்தியார் திரும்பி வந்தபோது அறைக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. டாக்டர் குரலில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நோயாளி மேசையில். பெட்டி வெளியே எடுக்கப்பட்டது. பென் டிரைவ் சொருகப்பட்டது. இயக்கும்போது விசை அமுக்கிப் பிடிக்கப்பட்டது. நோயாளி விழிக்கவில்லை, வேறு வழியில் எழுப்பப்பட்டார்."

"உயிருக்கு ஆபத்து ஒண்ணும் இல்லையே?" என்றார் வாசலில் நின்று.

"பேசாதீங்க. கட்டியை வெட்டப் போறேன்."

உள்ளே இருப்பது எல்லாம் அழியும், சம்மதமா என்று கேட்டது திரை. டாக்டரம்மா விரலை அதன்மேல் வைத்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் அமுக்குகிற முதல் 'சரி'. நிர்வாகி, விருந்தாளி, தம்பி போட்ட கள்ள வழி எல்லாம் போயின.

புதிதாக ஏறி முடிந்ததும் பெயர் கேட்டது. அப்பா வைத்த பெயரை, ஒரு எழுத்தும் சுருக்காமல் முழுசாக அடித்தாள். கடவுச்சொல் கேட்டது. வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். அவர் சுவரைப் பார்த்து நின்றார்.

அதற்குப் பிறகு புதுப்பிப்பு இறங்க ஆரம்பித்தது. அது இறங்குகிற அழகைச் சொல்லி முடியாது. கொஞ்சம் நகரும், நிற்கும், தானாக அணைந்து தானாக எரியும், மறுபடியும் முதலிலிருந்து எண்ணும். "மேட்டுல வண்டி எடுக்கிற புது ஆள் மாதிரியே திணறுதே" என்று வாத்தியார் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. சுவிட்சுக்குப் பக்கத்தில் யாரும் போகக் கூடாது என்று நாற்காலியைப் போட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை பொழுது இறங்குவதற்கு முன்னால் திரை அடங்கியது. சுருக்கங்களைத் திரும்ப வைத்தாள். ஆஸ்பத்திரிக் கணினிக்குள் நுழைந்தாள். அவர்கள் பக்கத்திலிருந்து சோதித்துப் பார்த்துவிட்டு அந்த அம்மாளே பேசினாள்.

"பச்சை வந்துடுச்சு மேடம். நிர்வாகின்னு உங்க பேருதான் காட்டுது. யாரு பண்ணிக் குடுத்தாங்க?"

"யாரும் பண்ணிக் குடுக்கல" என்றாள் டாக்டரம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னவன் வந்து நின்றான். இந்தத் தடவை ஆளாகவே. தோளில் ஒரு பை, பைக்குள் ஒயரும் சி.டி.யும்.

"உள்ள வர முடியலயே அக்கா. என்னவோ ஆயிடுச்சுன்னு பதறிட்டு வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே நேராக அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். திரையைத் தட்டினான். அவள் பெயர் வந்தது. கீழே ஒரு காலிக் கட்டம்.

"என்ன இது, உன் பேரு வருது?"

"பின்ன யாரு பேரு வரணும்?"

"கடவுச்சொல் என்ன?"

"அது போன்ல சொல்ற விஷயமா?"

"நான் நேர்லதானே இருக்கேன்."

"நேர்லயும் சொல்ற விஷயமில்ல. எழுந்திரு. அது நான் உட்கார்ற இடம்."

எழுந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் திறந்து காட்டினாள். அவன் கழுத்தை நீட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தான். குற்றம் கிடைக்கவில்லை. முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. திடீரென்று அதில் வெளிச்சம் வந்தது.

"பிரிண்டர்?"

"என்ன பிரிண்டர்?"

"அடிச்சுப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வேலைக்குத் தாள் தேவைப்படுவதில்லை. டாக்டரம்மா ஒரு வெற்றுச் சோதனைத் தாளை அடிக்கச் சொன்னாள். பிரிண்டர் கிடைக்கவில்லை என்று திரை சொன்னது. மறுபடியும் சொன்னாள். மறுபடியும் கிடைக்கவில்லை.

சின்னவன் துள்ளவில்லை. மெதுவாகப் பையின் ஜிப்பைத் திறந்தான்.

"நான் சொன்னேனா இல்லையா? அன்னிக்கு நடந்ததேதான். அப்டேட் போட்டா உன் பிரிண்டர் சாகும்னு தலையில அடிச்சுச் சொன்னேன். வெளியாள் சொன்னா யாரு கேட்கறா? சரி, நகரு. பழசுக்கே கொண்டு போயிடறேன்."

பழசுக்குப் போனால் ஆஸ்பத்திரி அவளை வெட்டிவிடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் கை நாற்காலியின் கைப்பிடியை ஊன்றிவிட்டது. இத்தனை வருஷம் காதில் விழுந்த சொல் உடம்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உண்மையிலேயே தனக்குத் தெரியாதோ? பாதி எழுந்துவிட்டாள்.

வாத்தியார் கதவருகில் நின்றிருந்தார். அவள் எழுந்ததைப் பார்த்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, எதையோ தொலைத்தவர் மாதிரி தலையைக் குனிந்து மேசைக்கு அடியில் நுழைந்தார். பெட்டிக்குப் பின்னால் எதையோ அழுத்திச் சொருகுகிற சத்தம் கேட்டது. பிரிண்டர் உறுமிக்கொண்டு தாளைத் துப்பியது.

வாத்தியார் முழங்காலில் தூசியோடு வெளியே வந்தார்.

"ஒயர் கழண்டிருந்துச்சு" என்றார். "பெட்டியை வெளியில இழுத்தே இல்லையா, அதுல."

"பார்க்காமலே எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் டாக்டரம்மா.

"அது... போன தடவையும் இதேதான்."

"எந்தப் போன தடவை?"

வாத்தியார் சின்னவனைப் பார்த்தார். சின்னவன் பையைப் பார்த்தான்.

"அன்னிக்கு மாப்ள திருகாணியைக் கீழ போட்டுட்டான். எடுக்கக் குனிஞ்சேன். ஒயர் தொங்கிட்டிருந்துச்சு. அமுக்கி விட்டேன். நான் வெளியில வர்றதுக்குள்ள பிரிண்டர் அடிச்சுடுச்சு. மாப்ள கையைத் தட்டறான். முகத்துல அவ்வளவு சந்தோஷம். நாள் பூரா சாப்பிடாம உட்கார்ந்தவன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"அவன் முகத்தைப் பார்த்தீங்க. என் முகத்தைப் பார்த்தீங்களா?"

வாத்தியார் முழங்கால் தூசியைத் தட்டினார்.

"எதையும் தொடாதன்னான். தொடல. 'சரி' அமுக்காதன்னான். அமுக்கல. விருந்தாளியா இருன்னான், இருந்தேன். வீட்டு விசேஷத்துக்கு விசேஷம், அக்கா பிரிண்டரைக் கொன்ன கதைன்னு சொல்லிச் சிரிக்கறான், பக்கத்துல உட்கார்ந்து நீங்களும் சிரிச்சீங்க. லைசென்ஸ் வாங்கினவன் பக்கத்துல உட்கார்ந்து பிரேக் அமுக்கக் கூடாதாம். என்ன பேச்சு. உங்களுக்கு அப்பவே தெரியும்."

"மறந்துட்டேன்மா."

"மறக்கல. இப்ப கண்ணை மூடிட்டு நேரா அங்கதானே போனீங்க?"

"அத்தான்" என்றான் சின்னவன் அழாத குறையாக, "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. என் ஞாயித்துக்கிழமை பூரா வீணாப் போச்சு."

டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"உனக்கு ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. அதுக்கே இந்த மூஞ்சி."

அவன் பையின் ஜிப்பை மூடினான். அது பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்து இழுத்துப் பார்த்தான். வாத்தியார் உதவி செய்யக் கையை நீட்டிவிட்டு, அவள் பார்ப்பதைப் பார்த்து இழுத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் வெளியில போங்க. அடுப்புல தண்ணி வச்சுக்கோங்க, டீ போட்டுக்கோங்க, ஒருத்தரை ஒருத்தர் சமாதானம் பண்ணிக்கோங்க. எனக்கு ஒரு பித்தப்பை பாக்கி இருக்கு."

அவள் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டாள். காலை மிதியில் வைத்தாள். அந்த நேரம் பார்த்துத் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. இன்னொரு புதுப்பிப்பு வந்திருக்கிறது, இப்போதா, பிறகா என்று கேட்டது.

வாசல்வரை போனவன் அதைப் பார்த்துவிட்டான். வாய் சும்மா இருக்கவில்லை.

"பிறகுன்னு குடுத்துடுக்கா."

டாக்டரம்மா ஒரு காதை மட்டும் திறந்தாள்.

"கதவைச் சாத்திட்டுப் போ."